துப்பாக்கிக்குத் தோல் உறை வேண்டாம் – வாசகர் கேள்வி பதில்

லைசென்ஸ் துப்பாக்கிகளைத் துருவும் கீறலும் இல்லாமல் வைத்திருப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்த்துப் பராமரிப்பவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கோவையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவர் பதில் சொல்கிறார்.

கே: ஐயா, தோட்டக் காவலுக்காக அப்பா காலத்திலிருந்து 12 போர் டபுள் பேரல் (இரட்டைக் குழல்) துப்பாக்கி வைத்திருக்கிறோம். மழை தொடங்கியதும் நன்றாகத் துடைத்து, தோல் உறையில் போட்டு, பீரோவில் பூட்டிவிட்டேன். ஒரு சொட்டு ஈரம் படவில்லை. ஆவணியில் எடுத்தால் குழல் முழுக்கச் செம்பொடி. எப்படி வந்தது? – வாசகர், கூடலூர்

ப: அந்த உறையிலிருந்துதான் வந்தது. என் மேசைக்கு வரும் துருப்பிடித்த துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் மழையில் நனைந்தவை அல்ல. பத்திரமாக மூடி வைக்கப்பட்டவை. தோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்த்த அமிலமும் உப்பும் அதில் மிச்சம் இருக்கும். அதை மாதக்கணக்கில் இரும்போடு ஒட்டவைத்தால் வேறு என்ன நடக்கும்? ஃபோம் வைத்த பிளாஸ்டிக் பெட்டியும் இப்படித்தான். உறையும் பெட்டியும் பயணத்துக்கு மட்டும். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி வெளியே வந்துவிட வேண்டும்.

காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் துரு ஏறுவது வெகுவாகக் குறையும். ஆடி மாதத்தில் உங்கள் ஊரில் அது 90-ஐத் தொடும். மலையில் துணிமணி பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் சின்ன குண்டு பல்பு எரியவிடுவார்கள் இல்லையா, துப்பாக்கி வைக்கும் பீரோவுக்கும் அதைச் செய்யலாம். உள்ளே இருக்கும் காற்று லேசாகச் சூடானாலே அதன் ஈரப்பதம் இறங்கிவிடும். பல்பு அடித்தட்டில், துணியும் மரமும் தொடாத இடத்தில் இருக்கட்டும். தோட்டாக்களை அந்த பீரோவில் வைக்காதீர்கள். அவற்றைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

பல்பு வசதி இல்லையென்றால் சிலிகா ஜெல். ஈரம் குடித்ததும் நீலம் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு பச்சையாகும். சுமார் 120 டிகிரி சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆரஞ்சையே வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நஞ்சு.

இனி துடைக்கும் முறை. முதலில் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள். போன முறை வைக்கும்போது பார்த்தேன் என்பதெல்லாம் கணக்கில் வராது. ராணுவத்தில் குழல் துடைக்கும் ஃபிளானல் துணிக்குச் ‘சிந்தி’ என்று பெயர். சுத்தம் செய்ய 4 அங்குலத்துக்கு 2 அங்குலம். எண்ணெய் போட 4-க்கு ஒன்றரை. எண்ணெய்த் துணி ஏன் சிறியது? பெரிய துணி குழலில் இறுக்கமாகப் போகும், பூசிய எண்ணெயைத் தானே வழித்துக்கொண்டு வந்துவிடும். சிறியது தளர்வாகப் போய், மெல்லிய படலத்தை விட்டுவிட்டு வரும். வெளிப்பக்கத்துக்கு நாலைந்து சொட்டு போதும், உலோகம் பளபளக்காமல் மங்கலாகத் தெரியும் அளவுக்கு. கடைசித் துடைப்புக்குப் பிறகு மரத்தை மட்டும் பிடியுங்கள். கை வியர்வையில் உப்பு உண்டு. விரல் வைத்த இடத்தில் ரேகையோடு துரு எழுந்து நிற்பதைப் பட்டறையில் நிறையப் பார்க்கிறேன்.

நிறுத்தும்போது குழல் வாய் கீழே இருக்கட்டும், அடியில் ஒரு மரத்துண்டு. குழல் வாய் மேலே இருக்கும்படி நிறுத்தினால் மிச்ச எண்ணெய் இறங்கி, துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையின் கழுத்தில் ஊறும். அங்கே மரம் கறுத்து, மெத்தென்றாகி, ஒருநாள் பிளந்துகொள்ளும்.

கே: கடலோரத்தில் இருக்கிறோம். தேங்காய் எண்ணெய் பூசலாமா? உப்புக்காற்று உள்ளே போகாமல் குழல் வாயில் பஞ்சு அடைத்து வைக்கிறேன், சரியா? – வாசகர், நாகப்பட்டினம்

ப: இரண்டும் வேண்டாம். தேங்காய், நல்லெண்ணெய் எல்லாம் நாள்பட்டால் சிக்கடித்துப் பிசினாகும். அதில் உண்டாகும் அமிலம் இரும்பையே அரிக்கும். டிரிகர் பாகங்களில் இறங்கினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. தையல் மிஷின் எண்ணெய் கனிம எண்ணெய், அவசரத்துக்கு அது நல்லது. டபிள்யூடி-40 ஸ்பிரே தண்ணீரை விரட்டத்தான் உருவானது, மாதக்கணக்கில் காவல் காக்க அல்ல. அடித்தால் துடைத்துவிட்டு முறையான துப்பாக்கி எண்ணெய் போடுங்கள்.

கடற்கரை வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, உப்பு எண்ணெயில் கரையாது. உப்புப் படிந்த இரும்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பு அடியிலேயே உட்கார்ந்து வேலை செய்யும். உப்பில்லாத வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் துடைத்து, சூடாக இருக்கும்போதே உலர்த்தி, பிறகு எண்ணெய். தண்ணீர் என்றதும் பயப்பட வேண்டாம், வெந்நீர் சீக்கிரம் உலரும்.

பஞ்சை இன்றே எடுத்துவிடுங்கள். உள்ளே ஈரம் சிறைப்படும். அதைவிட, அடைப்பு இருப்பதை மறந்து யாராவது சுட்டால் குழல் வெடிக்கும்.

கே: ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பிறகு அந்த இடத்தில் புள்ளி புள்ளியாகத் தழும்பு. – வாசகர், பொள்ளாச்சி

ப: வழக்கத்தை விட வேண்டாம், பொட்டை மரக்கட்டையின் மேல் வையுங்கள். குழைத்த சந்தனம் ஈரம், காய்ந்தால் தூள். விபூதியும் அப்படித்தான், துணியால் தேய்த்தால் கருநீலப் பூச்சில் மெல்லிய கீறல் விழும். அந்தக் கருநீலம் பெயின்ட் அல்ல. இரும்பின் மேலேயே உண்டாக்கிய ஆக்சைடு படலம், மிக மெல்லியது, எண்ணெய் இல்லாமல் துருவைத் தடுக்காது. குடகில் கைல் பொழ்து பண்டிகையன்று துப்பாக்கிகளுக்குப் பூச்சூட்டிக் கும்பிடுகிறார்கள். பூ போதும். மறுநாள் பூவை எடுத்ததும் ஒருமுறை எண்ணெய்த் துணி.

கே: தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி கீறலோடு திரும்பி வருகிறது. என்ன செய்யலாம்? – வாசகர், தேனி

ப: வருத்தம் நியாயமானது. சின்ன அறையில் பலருடைய துப்பாக்கிகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும், கீறல் விழத்தான் செய்யும். லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடம் ஒப்படைக்கவும் பல இடங்களில் அனுமதி உண்டு. உங்களுக்கு வந்த உத்தரவைப் படித்துப் பார்த்துக் கேளுங்கள்.

ஸ்டேஷன்தான் என்றால், எண்ணெய்க்குப் பதில் மெழுகு போடுங்கள். அருங்காட்சியகங்களில் பயன்படும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு, 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவானது. துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, உலரவிட்டுத் தேயுங்கள். எத்தனை கை பட்டாலும் எண்ணெய் மாதிரி அழிந்துபோகாது. பழைய வேட்டித் துணியில் ஒரு பை தைத்துப் போடுங்கள், கஞ்சி போடாத துணியாக இருக்கட்டும், கஞ்சி ஈரம் இழுக்கும். அடையாளச் சீட்டைக் கம்பியில் கட்டாமல் நூலில் கட்டித் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். டிரிகரைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தில் நான் பார்க்கும் வட்டக் கீறல்கள் எல்லாம் கம்பி போட்டவை. ஒப்படைக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ, ரசீதில் நம்பர். திரும்பி வந்த அன்றே பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கே: தாத்தா காலமானார். அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கி வெளுத்து, அங்கங்கே துருவோடு இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கறுப்பு ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். தரலாமா? – வாசகி, காரைக்குடி

ப: அம்மா, முதலில் சட்டம். தாத்தாவின் லைசென்ஸில் அது உங்கள் வீட்டில் இருக்க முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ தாமதிக்காமல் ஒப்படையுங்கள். வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகு.

அந்த ஆளிடம் கொடுக்காதீர்கள். உப்புத்தாள் பட்டால் எழுத்து, பூவேலை, தயாரிப்பு முத்திரை எல்லாம் போய்விடும், திரும்ப வராது. கறுப்பு ஏற்றுவது அதைவிட ஆபத்து. பழைய இரட்டைக் குழல்களில், இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் உலோகப் பட்டியை ஈயப்பற்று வைத்து ஒட்டியிருப்பார்கள். இப்போது பரவலாகச் செய்வது கொதிக்கும் காரக் கரைசலில் முக்குவது. அந்தக் காரம் பற்றைத் தின்றுவிடும், பட்டி கழன்று வரும். இரட்டைக் குழலுக்குப் பழைய முறைதான் சரி. மெல்லிய துருவை வேண்டுமென்றே வரவழைத்து, கொதிநீரில் வேகவைத்தால் செந்துரு கறுப்பாக மாறும், தளர்ந்ததைத் துலக்கிவிட்டு மறுபடி, மறுபடி. நாட்கள் ஆகும், செலவும் ஆகும். செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த அழகுக்கு ஈடில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, துருப்புள்ளியில் எண்ணெய் விட்டு ஒருநாள் ஊறவிட்டு, பழைய செப்புக் காசின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டலாம். செம்பு எஃகைவிட மென்மை, கீறாது. குழலின் உட்புறத்தில் குழி விழுந்திருந்தால், துப்பாக்கி வேலை தெரிந்தவர் பார்க்கும்வரை சுடவே கூடாது.

கே: ஏர் ரைஃபிளுக்கும் இதே எண்ணெய்தானா? – மாணவர், மதுரை

ப: வெளி உலோகத்துக்கு ஆம், தம்பி. ஸ்பிரிங் வகையாக இருந்தால் காற்று அழுந்தும் அறைக்குள் மட்டும் விடாதே. அழுத்தத்தில் சூடாகும் காற்று அந்த எண்ணெயைப் பற்றவைக்கும், டப்பென்று வெடித்து வாஷரும் ஸ்பிரிங்கும் கெடும். அங்கே சிலிகான் எண்ணெய், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு.