சும்மா நின்றவரா ஆண்டி ஃப்ளவர்?

கேள்வி: ஸ்டம்புக்குப் பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்த ஜிம்பாப்வே விக்கெட் கீப்பர் ஆண்டி ஃப்ளவர், பயிற்சியாளராக இத்தனை கோப்பைகளை வென்றது அதிர்ஷ்டம்தானே?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: சும்மா நின்றாரா? டெஸ்ட்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர், 540 பந்து. ஒவ்வொன்றுக்கும் குந்தி எழுந்து பாருங்கள், பிறகு பேசலாம். யாருடைய கால் பின்வாங்குகிறது, எந்தப் பந்துவீச்சாளருக்கு மாலையில் தோள் தளர்கிறது என்பதெல்லாம் கீப்பருக்குத்தான் முதலில் தெரியும். பயிற்சியாளருக்கு வேறென்ன வேண்டும்? அந்த வேலையையும் பார்த்துக்கொண்டே 63 டெஸ்ட்டில் 51-க்கு மேல் சராசரி வைத்தவர் ஃப்ளவர். 2000-இல் நாக்பூரில் நம் பந்துவீச்சை அடித்து 232 எடுத்தார், அவுட் ஆகவில்லை. இங்கிலாந்துக்குப் பயிற்சியாளராகி 2010-இல் டி20 உலகக் கோப்பை, அடுத்து 24 ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்திரேலிய மண்ணில் ஆஷஸ் வெற்றி. 2025-இல் பெங்களூருக்கு முதல் ஐபிஎல் கோப்பை. அங்கே அவருக்குத் துணை நம் தினேஷ் கார்த்திக், அவரும் கீப்பர்.

எனக்கு இவை எல்லாவற்றையும் விடப் பெரியது 2003 உலகக் கோப்பை. ஹராரேயில் ஃப்ளவரும் சக வீரர் ஹென்றி ஒலோங்காவும் கையில் கறுப்புப் பட்டை கட்டி இறங்கினார்கள். ஜிம்பாப்வேயில் ஜனநாயகம் செத்துவிட்டது, அதற்குத்தான் இந்தத் துக்கம் என்று எழுதியே கொடுத்தார்கள். அதிபர் முகாபே ஆட்சியில், முகாபேயின் தலைநகரில்! அந்தத் தொடரோடு நாட்டுக்காக ஆடுவது இருவருக்கும் முடிந்தது. விளையாட்டுக்காரர்கள் அரசியல் பேசக்கூடாது என்று எனக்கு ஓயாமல் கடிதம் எழுதும் அன்பர்களே, உங்களுக்கும் இதுதான் பதில்.

நம் பேட்டைக்கு வருவோம். ரப்பர் பந்து ஆட்டத்தில் இங்கே கீப்பர் யார்? சுவர், சுவர் இல்லாத தெருவில் இருப்பதிலேயே சின்னப் பையன். கையுறை கிடையாது, உள்ளங்கை சிவந்துபோகும். சாக்கடையில் விழுந்த பந்தை எடுத்துக் கழுவிக் கொடுப்பவனும் அவன்தான். பேட்டிங் வருவதற்குள் இருட்டிவிடும். புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024-இல் அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கை வராத ஆட்டம் எது? ஆனால் கிட் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்காகத் தெற்கே பஸ் ஏறும் பையன்களைத்தான் ராயபுரத்தில் பார்க்கிறேன். மாநகராட்சிப் பள்ளி மைதானங்களை மாலையில் திறந்துவிடுங்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதுவது?

வாசகரே, உங்கள் தெருப் பொடியனுக்கு ஒரு ஜோடி கீப்பிங் கையுறை வாங்கிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவனையே முதலில் பேட்டிங் இறக்கச் சொல்லுங்கள்.