மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடைக்கு எதிர்வினை எது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், மேசைமேல் உள்ள புத்தகத்தின் எடை வினை என்றும், மேசை அதை மேல்நோக்கித் தாங்கும் விசை எதிர்வினை என்றும் எழுதினாள். ஆசிரியை தவறு என்று அடித்துவிட்டார். அவளிடம் உள்ள வழிகாட்டி நூலில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. இரண்டு விசைகளும் சமம், திசையும் எதிரெதிர் என்னும்போது இதில் என்ன தவறு? எல்லா விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்றால், பொருள்கள் எப்படித்தான் நகர்கின்றன?

பதில்: ஆசிரியை அடித்தது சரி, பிழை வழிகாட்டி நூலில் இருக்கிறது. அந்த இரண்டு விசைகளும் சமமாகவும் எதிரெதிராகவும் இருப்பது உண்மை. ஆனால் இரண்டுமே புத்தகத்தின் மீது செயல்படுகின்றன. வினையும் எதிர்வினையும் ஒருபோதும் ஒரே பொருளின் மீது செயல்படுவதில்லை.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’ நூலில், எல்லா விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் மூன்றாம் விதியைச் சொன்ன கையோடு, விரலால் கல்லை அழுத்தினால் கல்லும் விரலை அழுத்துகிறது என்று விளக்கினார். மகளை மேசையின் மீது ஆள்காட்டி விரலை நன்றாக அழுத்தச் சொல்லுங்கள். விரல் நுனி தட்டையாகும். நகத்தின் அடியில் இருக்கும் சிவப்பு மறைந்து வெளுப்பேறும். நகத்தை வெளுக்க வைப்பது, விரல் மேசைக்குக் கொடுக்கும் விசையன்று, மேசை விரலுக்குக் கொடுக்கும் விசை. இந்த இரண்டும்தான் உண்மையான வினை-எதிர்வினை இணை. இவற்றில் எதுவும் முன்னே வருவதில்லை, எதுவும் பின்னே வருவதில்லை. ‘எதிர்வினை’ என்ற சொல், முதலில் ஒன்று நடந்து பிறகு அதற்குப் பதிலடி விழுவது போன்ற எண்ணத்தை மாணவர்களிடம் விதைத்துவிடுகிறது என்பது எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை.

இணையைக் கண்டுபிடிக்க, விசையை ஒரு முழு வாக்கியமாக எழுதி, எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றினால் போதும். ‘பூமி புத்தகத்தைக் கீழே ஈர்க்கிறது’ என்பதன் இணை, ‘புத்தகம் பூமியை மேலே ஈர்க்கிறது’ என்பது. ‘மேசை புத்தகத்தை மேலே தள்ளுகிறது’ என்பதன் இணை, ‘புத்தகம் மேசையைக் கீழே தள்ளுகிறது’ என்பது. வினைச்சொல் மாறக் கூடாது. ஈர்ப்புக்கு ஈர்ப்புதான் இணை, தள்ளுதலுக்குத் தள்ளுதல்தான் இணை. ஒரு கிலோகிராம் புத்தகம் பூமியை 9.8 நியூட்டன் (விசையின் அலகு) விசையால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பூமியின் நிறை ஏறத்தாழ 6,000 கோடி கோடி கோடி கிலோகிராம் என்பதால் அந்த இழுப்பின் விளைவு நம் கண்ணுக்கு எட்டுவதில்லை.

இன்னும் ஐயம் இருந்தால், அதே புத்தகத்தை ஒரு லிஃப்ட்டின் தரையில் வைத்துப் பாருங்கள். லிஃப்ட் நொடிக்கு நொடி 2 மீட்டர் வேகம் கூடி மேலே கிளம்பும்போது, தரை புத்தகத்தைத் தள்ளும் விசை 11.8 நியூட்டனாக உயர்கிறது. புத்தகத்தின் எடையோ 9.8 நியூட்டனாகவே நிற்கிறது. இணை விசைகள் ஒரு நொடிகூடச் சமம் தவறாதவை. ஆகவே எடையும் தரையின் விசையும் இணை அல்ல. மேசை அசையாமல் இருப்பதால் மட்டுமே அவை சமமாகின்றன.

இனி இரண்டாவது கேள்வி. ஒரு பொருள் நகருமா என்று அறிய, அந்தப் பொருளின் மீது விழும் விசைகளை மட்டுமே கூட்ட வேண்டும். நடக்கும்போது பாதம் தரையைப் பின்னே தள்ளுகிறது, தரை பாதத்தை முன்னே தள்ளுகிறது. நம்மை நகர்த்துவது இரண்டாவது விசை. ராக்கெட்டும் வாயுவைப் பின்னே தள்ளி, அந்த வாயுவாலேயே முன்னே தள்ளப்படுகிறது. உந்துவதற்குக் காற்று தேவையில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல், வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று 1920இல் தலையங்கம் எழுதிய நியூயார்க் டைம்ஸ், அப்போலோ 11 புறப்பட்ட மறுநாளான 1969 ஜூலை 17 அன்றுதான் அந்தப் பிழையைத் திருத்தியது.

‘இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடும்’ என்று சொல்லத்தக்க சூழல் ஒன்று உண்டு. அதை அவசரமாகப் படித்தால் மறுபடியும் குழப்பம் வரும் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். நின்றுபோன காருக்குள் உட்கார்ந்தபடி முன்பலகையை முழு பலத்தோடு தள்ளுங்கள். கார் நகராது. கை பலகையை முன்னே தள்ளுகிறது, பலகை கையைப் பின்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் உங்கள் முதுகு வழியாக இருக்கையைப் பின்னே அழுத்துகிறது. உங்களையும் காரையும் சேர்த்து ஒரே பொருளாக எண்ணினால், ஒவ்வோர் இணையின் இரு முனைகளும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன, கூட்டினால் சுழியம். இப்போது கதவைத் திறந்து ஒரு காலைச் சாலையில் ஊன்றி உந்துங்கள். கார் மெல்ல உருளும், ஏனெனில் சாலை உங்கள் காலை முன்னே தள்ளும் விசை வெளியிலிருந்து வருகிறது. அதன் இணை சாலையின் மீது விழுகிறது, காரின் மீது அன்று. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் கோடு போட்டுக்கொள்ளாமல் ‘நீங்கும்’ என்றோ ‘நீங்காது’ என்றோ சொல்லவே கூடாது.

ஒரே இரவில் இயற்பியல் என்று விளம்பரம் செய்யும் வழிகாட்டிகளையும் குறுக்குவழி வகுப்புகளையும் தயவுசெய்து நம்பாதீர்கள். ‘சமம், எதிர் என்று கண்டால் அதுதான் இணை’ என்று அவர்கள் விற்கும் சூத்திரமே உங்கள் மகளை விழவைத்தது. அவர்களை வாழவைப்பது நம் தேர்வு முறை. விதியை ஒப்பித்தால் மதிப்பெண் கிடைக்கிறது. எந்த விசை எந்தப் பொருளின் மீது என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் ஆசிரியை கேட்டிருக்கிறார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

மகள் எழுத வேண்டிய விடை இது: புத்தகத்தின் எடை என்பது பூமி புத்தகத்தை ஈர்க்கும் விசை, அதன் எதிர்வினை, புத்தகம் பூமியை ஈர்க்கும் விசை. மேசை புத்தகத்தைத் தள்ளும் விசையின் எதிர்வினை, புத்தகம் மேசையைத் தள்ளும் விசை.