ஒரே இயங்குதளம், ஊருக்கொரு ஃபிளாப்பி: சிபி/எம் கேள்வி பதில்

எட்டு பிட் காலத்துக் கணினிகளை வாங்கிப் பழுது பார்த்து ஓட வைப்பது என் பொழுதுபோக்கு. வீட்டில் இருப்பவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். சிபி/எம் பற்றிக் கேட்கலாம் என்று போன வாரம் சொன்னதற்கு நாலைந்து கேள்விகள்தான் வரும் என்று நினைத்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, சிபிஎம் என்றால் எனக்குத் தெரிந்தது கட்சி மட்டும்தான். இது என்ன? (திருச்சி, கல்லூரி மாணவி)

பதில்: தேடுபொறியும் உங்கள் கட்சிதான் அம்மா. நடுவில் ஒரு சாய்கோடு போட்டால்தான் கணினிப் பக்கம் வருகிறது. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸ் இயங்குதளம் வருவதற்கு முன் மேசைக் கணினிகளில் பரவியிருந்த வட்டு இயங்குதளம் இது. எழுதியவர் கேரி கில்டால். கலிபோர்னியாவில் மான்டரே நகரில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் கற்பித்துக்கொண்டே இன்டெல் நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் இருந்தவர். 1974இல் பக்கத்து ஊரான பசிபிக் குரோவில், இன்டெல் 8080 புராசசரையும் எட்டு அங்குல ஃபிளாப்பி டிரைவ் ஒன்றையும் இணைத்து முதன்முதலாக இதை ஓட்டிக் காட்டினார். பிறகு மனைவி டோரதி மெக்யூவனுடன் சேர்ந்து நடத்திய நிறுவனம்தான் டிஜிட்டல் ரிசர்ச். இன்று நீங்கள் விண்டோஸில் பார்க்கும் ‘சி:’ என்ற டிரைவ் எழுத்து இந்த வழியாகத்தான் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கேள்வி: அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு விதம் என்கிறார்கள். அப்படியிருக்க எல்லாவற்றிலும் ஒரே இயங்குதளம் எப்படி ஓடியது? (கோவை, மென்பொருள் பொறியாளர்)

பதில்: இந்தக் கேள்வி வராவிட்டால் நானே யாரையாவது கேட்கச் சொல்லியிருப்பேன்.

கில்டால் முதலில் எழுதிய வடிவத்தில் கோப்புகளை நிர்வகிக்கும் வரிகளும் வன்பொருளைத் தொடும் வரிகளும் கலந்தே கிடந்தன. புதிதாக ஒரு கணினி வந்தால் மொத்தத்தையும் தோண்டித் திருத்த வேண்டும். இம்சாய் என்ற நிறுவனம் தன் கணினிக்கு இதை வாங்க வந்தபோது (25,000 டாலர் கொடுத்து உரிமம் வாங்கியது) அவருக்கு அந்த வேலை அலுத்துப்போயிருந்தது. வன்பொருள் சார்ந்த வரிகளையெல்லாம் பிரித்து ஒரு தனிப் பகுதியில் ஒதுக்கிவிட்டார். அதற்கு வைத்த பெயர் பயாஸ். கல்யாணச் சமையல்காரர் எந்த மண்டபத்துக்குப் போனாலும் சாம்பாரை மாற்றுவதில்லை. அடுப்பு எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று காட்ட அந்த மண்டபத்து ஆள் ஒருவர் இருந்தால் போதும். பயாஸ் அந்த மண்டபத்து ஆள். சிபி/எம் 2.2 அவரிடம் கேட்பது பதினேழே பதினேழு வேலைகள்: ஓர் எழுத்தைத் திரைக்கு அனுப்பு, விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்து வாங்கு, இந்த டிராக்குக்கு (வட்டில் உள்ள வளையத்துக்கு) போ, இந்த செக்டரை (அந்த வளையத்தின் ஒரு துண்டை) படி என்ற அளவில். கணினி செய்பவர் அந்தப் பதினேழை எழுதிக் கொடுத்துவிட்டால் மிச்சம் எல்லாம் தானாக ஓடும்.

நிரல் எழுதுபவர் பக்கமும் அதே எளிமைதான். எந்தக் கணினியாக இருந்தாலும் உங்கள் நிரல் நினைவகத்தின் 256ஆவது முகவரியில் தொடங்கும். இயங்குதளத்திடம் ஏதாவது வேண்டுமானால் வேலை எண்ணைப் புராசசருக்குள் இருக்கும் சி என்ற பதிவகத்தில் (ஒரு சிறு சேமிப்பிடத்தில்) வைத்து 5ஆவது முகவரியை அழைக்க வேண்டும். இயங்குதளம் நினைவகத்தின் உச்சியில் இருக்கும். உச்சி என்பது 20 கிலோபைட்டா, 64 கிலோபைட்டா என்பது கணினிக்குக் கணினி மாறும். 5ஆவது முகவரி மாறாது. ஒன்பதாம் எண் வேலை, ஒரு முழு வரியைத் திரையில் காட்டுவது. வரி எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளம் டாலர் குறி! அந்த வேலையைக் கொண்டு யாராலும் ஒரு விலைப்பட்டியலை அச்சிட முடியாது.

விதிவிலக்கும் உண்டு. டிஆர்எஸ்-80 என்ற கணினியின் முதல் மாடலில் நினைவகத்தின் அடிப்பகுதியை எழுதி அழிக்கக்கூடிய ராம் அல்ல, படிக்க மட்டுமே முடிந்த ரோம் பிடித்துக்கொண்டிருந்தது. அதனால் அதற்கு மட்டும் இடம் மாற்றிய ஒரு சிபி/எம் செய்தார்கள். மற்ற கணினிகளின் நிரல்கள் அதில் ஓடவில்லை. ஆரம்ப முகவரி பொதுவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

கேள்வி: அப்படியானால் கேப்ரோ கணினியில் எழுதிய ஃபிளாப்பியை ஆஸ்போர்ன் கணினி ஏன் படிப்பதில்லை? இரண்டிலும் சிபி/எம் 2.2, இரண்டிலும் இசட்-80 புராசசர், இரண்டிலும் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி. (பெங்களூரு)

பதில்: என்னையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அலைக்கழித்த விஷயம் இது.

எட்டு அங்குல ஃபிளாப்பி இருந்தவரை பிரச்சினை இல்லை. ஐபிஎம் வகுத்த ஒரு முறையை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்: 77 டிராக், டிராக்குக்கு 26 செக்டர், செக்டருக்கு 128 பைட். சிபி/எம் விற்பனைக்கு வந்ததும் அந்த வடிவத்தில்தான். ஐந்தேகால் அங்குலம் வந்தபோது அப்படி ஒரு பெரிய மனிதர் நடுவில் இல்லை. பயாஸ் எழுதியவர் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்தபடி பிரித்துக்கொண்டார்.

உங்கள் இரண்டு கணினிகளையே பாருங்கள். ஆஸ்போர்ன் 1இல் 40 டிராக், டிராக்குக்கு 10 செக்டர். கேப்ரோ 2இலும் 40 டிராக், 10 செக்டர். ஆனால் ஆஸ்போர்ன் ஒற்றை அடர்த்தியில் எழுதுகிறது, செக்டருக்கு 256 பைட். கேப்ரோ இரட்டை அடர்த்தி, 512 பைட். ஆஸ்போர்ன் செக்டர்களை ஒன்றிலிருந்து எண்ணும், கேப்ரோ சுழியிலிருந்து. இயங்குதளத்துக்கென்று ஆஸ்போர்ன் மூன்று டிராக்கை ஒதுக்கும், கேப்ரோ ஒரே டிராக்கோடு நிறுத்திக்கொள்ளும். முடிவில் ஆஸ்போர்னில் சுமார் 92 கிலோபைட், கேப்ரோவில் 195. செக்டர்களை வரிசையாகப் படிக்காமல் தாண்டித் தாண்டிப் படிக்கும் பழக்கமும் உண்டு. ஒரு செக்டரைப் புராசசர் கையாண்டு முடிப்பதற்குள் அடுத்தது டிரைவின் படிக்கும் தலையைக் கடந்து போய்விடும் என்பதால், எட்டு அங்குலத்தில் 1, 7, 13, 19, 25 என்று போவார்கள். அந்தத் தாவலும் ஆளுக்கு ஆள் வேறு.

இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் புழங்கின. மென்பொருள் விற்ற கடையில் முதல் கேள்வியே ‘எந்தக் கணினிக்கு?’ என்பதாகத்தான் இருந்தது. பயாஸ் என்ற பிரிப்பு சிபி/எம்முக்கு வாழ்வு கொடுத்தது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அதே பிரிப்புதான் இந்தக் குழப்பத்துக்கும் கதவைத் திறந்துவிட்டது என்பது என் கருத்து. ஃபிளாப்பி வடிவத்தையும் கில்டால் கையில் வைத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். இன்றைக்கு உங்களுக்கு எளிய வழி: இரண்டுக்கும் தொடர் போர்ட் இருக்கிறது. நடுவில் ஒரு கம்பி, இரு பக்கமும் எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை. வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் அந்த முறையை எழுதியதே சிபி/எம் கணினிகளுக்கு இடையே கோப்பு அனுப்பத்தான்.

கேள்வி: பழைய கணினி போல நடிக்கும் எமுலேட்டர் நிரலில் வேர்ட்ஸ்டார் என்ற எழுதும் மென்பொருளைத் திறந்தால் திரை முழுக்க எழுத்துகள் சிதறுகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா? (மதுரை)

பதில்: கோப்பு நன்றாகவே இருக்கிறது தம்பி. அந்தப் பதினேழு வேலைகளில் ‘திரையில் இந்த இடத்துக்குப் போ’ என்று ஒன்று கிடையாது. ஓர் எழுத்தை அனுப்பு, அவ்வளவுதான். இடம் மாற்ற வேண்டுமானால் அந்தந்த டெர்மினலின் (திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவியின்) ரகசியக் குறியீட்டை நிரலே அனுப்ப வேண்டும். ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலுக்கு எஸ்கேப், சமக்குறி, வரிசை, நெடுவரிசை. விடி-52க்கு சமக்குறிக்குப் பதில் ஒய் என்ற எழுத்து. உங்கள் எமுலேட்டர் பெரும்பாலும் விடி-100 மாதிரி நடந்துகொள்ளும். அதற்கு முறையே வேறு. வேர்ட்ஸ்டாருடன் வரும் இன்ஸ்டால் நிரலை ஒரு முறை ஓட்டி உங்கள் டெர்மினலைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் எமுலேட்டரை ஏடிஎம்-3ஏ ஆக நடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிப் கட்டளையில் கோப்பு நகலெடுத்தேன். புதியது அழிந்து பழையது மிஞ்சியது. (சேலம்)

பதில்: சேருமிடம் முதலில், பிறகு சமக்குறி, பிறகு மூலம். கணக்கில் இடப்பக்கம் விடை எழுதுகிற மாதிரி. டாஸ் பழகியவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதில் விழுந்திருக்கிறோம்.

கேள்வி: ஃபிளாப்பியை மாற்றிவிட்டுச் சேமிக்கப் போனால் ‘ஆர்/ஓ’ என்று பிழை காட்டி வேலையை அழித்துவிட்டது. எழுத்துத் தடைக் காகிதம் எதுவும் ஒட்டவில்லையே? அழித்த கோப்பை மீட்கவும் வழி இருக்கிறதா? (யாழ்ப்பாணம்)

பதில்: ஃபிளாப்பியின் எந்தப் பகுதி காலி என்ற வரைபடத்தை இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருக்கும். நீங்கள் ஃபிளாப்பியை மாற்றியது தெரிந்தால், பழைய வரைபடத்தை நம்பிப் புதிய ஃபிளாப்பியில் எழுதிக் கெடுத்துவிடக்கூடாதே என்று அதைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும். நல்ல எண்ணம்தான், சொல்லும் விதம்தான் மோசம். ஃபிளாப்பியை மாற்றியவுடன், கட்டளைக் குறி இருக்கும்போதே கண்ட்ரோல்-சி அழுத்தும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

மீட்பது பற்றி நல்ல செய்தி. ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள பதிவின் முதல் பைட் பயனர் எண். அழிக்கும்போது அதில் மட்டும் பதினாறடிமான எண்ணில் ஈ5 என்று எழுதிவிட்டுப் போய்விடும். பெயரும் கோப்பு இருக்கும் இடங்களும் அப்படியே இருக்கும். வட்டுத் திருத்தி நிரல் ஒன்றால் ஈ5ஐச் சுழியாக்கினால் கோப்பு திரும்பி வந்துவிடும், அதற்குள் அதன் மேல் வேறு எதையும் எழுதாமல் இருந்தால். டாஸும் இதே ஈ5ஐத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் அதன் பதிவில் முதல் பைட் பெயரின் முதல் எழுத்து. அதனால்தான் டாஸில் கோப்பை மீட்கும்போது ‘முதல் எழுத்து என்ன?’ என்று கேட்கும். அப்பன் சொத்தை எடுத்துக்கொண்டவன் வைத்த இடத்தைக் கவனிக்கவில்லை.

கேள்வி: ஐபிஎம் ஆட்கள் தேடி வந்தபோது கில்டால் விமானம் ஓட்டப் போய்விட்டாராமே? (சென்னை, இதே கேள்வியை இன்னும் பதினொரு பேர்)

பதில்: 1980இல் ஐபிஎம் தன் பிசிக்கு இயங்குதளம் கேட்டு வந்த அன்று காலை அவர் தன் விமானத்தில் போனது உண்மை. உல்லாசத்துக்கு அல்ல, பில் காட்பௌட் என்ற வாடிக்கையாளரைப் பார்க்க. வந்தவர்களைச் சந்தித்த டோரதி, அவர்கள் நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயங்கினார். எந்த வழக்கறிஞரும் தயங்கச் சொல்லக்கூடிய ஒப்பந்தம் அது. விமானக் கதை சுவையானது என்பதால் நிலைத்துவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 8086 புராசசருக்கான சிபி/எம்-86 தாமதமானதுதான். அதற்காகக் காத்திருக்க முடியாமல்தான் சியாட்டில் கம்ப்யூட்டர் ப்ராடக்ட்ஸில் டிம் பேட்டர்சன் சிபி/எம்மின் அழைப்பு முறையைப் பின்பற்றித் தானே ஒன்றை எழுதினார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. கடைசியில் ஐபிஎம் இரண்டையும் விற்றது: பிசி டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். 200 டாலர் வித்தியாசத்தில் வாங்குபவர் எதை எடுப்பார்?

கேள்வி: ஆஸ்போர்ன் கணினியைச் செய்தவருக்கும் திருவண்ணாமலைக்கும் தொடர்பு உண்டு என்று தாத்தா சொல்கிறார். கதை விடுகிறாரா? (திருவண்ணாமலை, பள்ளி மாணவர்)

பதில்: தாத்தாவை நம்புங்கள். ஆடம் ஆஸ்போர்னின் தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியவர். ரமணாசிரமத்தின் ஆங்கில இதழுக்கு ஆசிரியராக இருந்தவர். 1939இல் பாங்காக்கில் பிறந்த ஆடம் உங்கள் ஊரில் வளர்ந்து, கொடைக்கானலில் படித்து, சிறுவனாகவே இங்கிலாந்து போனார். பிறகு அமெரிக்கா. லீ ஃபெல்சன்ஸ்டைன் வடிவமைக்க, 1981 ஏப்ரலில் இவர் வெளியிட்ட ஆஸ்போர்ன் 1 தூக்கிச் செல்லும் கணினி. தூக்கிப் பார்த்தவன் சொல்கிறேன், 11 கிலோ. ஐந்து அங்குலத் திரையில் ஒரு நேரத்தில் 52 எழுத்துகள்தான் தெரியும். ஆனால் 1,795 டாலருக்குக் கணினியோடு வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் என்ற கணக்குத் தாள் மென்பொருள், பேசிக் என்ற நிரல் மொழியின் இரண்டு வகைகள் எல்லாம் சேர்த்தே கொடுத்தார். அப்போது அப்படி யாரும் கொடுக்கவில்லை.

அடுத்த மாடலை முன்கூட்டியே அறிவித்ததால் விற்பனை நின்று நிறுவனம் மூழ்கியது என்பார்கள். அதே 1,795 டாலருக்கு ஒன்பது அங்குலத் திரையும் 80 எழுத்து வரியுமாக கேப்ரோ 2 வந்து நின்றதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1983 செப்டம்பரில் திவால். பின்னாளில் இந்தியா திரும்பிய ஆடம் 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

கேள்வி: காலமான என் அப்பா எண்பதுகளில் ஆம்ஸ்ட்ராட் பிசிடபிள்யூ 8256இல் கடிதங்களும் கதைகளும் எழுதினார். மூன்று அங்குல ஃபிளாப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. கணினியும் இருக்கிறது, டிரைவ் சுற்றவில்லை. மீட்க முடியுமா? (லண்டன்)

பதில்: பெரும்பாலும் முடியும் அக்கா. டிரைவ் சுற்றாததற்குக் காரணம் அநேகமாக உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட். இந்த டிரைவ்களில் அது நாளடைவில் தளர்ந்து, பிசினாக உருகிவிடும். புதிய பெல்ட் விலை மலிவு. மாட்டுவதற்கு முன் பழைய பிசினைச் சக்கரங்களிலிருந்து ஆல்கஹால் கொண்டு சுத்தமாகத் துடைக்க வேண்டும்.

அப்பா எழுதியது லோகோஸ்கிரிப்டில் இருக்கும். அது சிபி/எம் இல்லாமல் தனியாகக் கிளம்பும் மென்பொருள் என்றாலும் ஃபிளாப்பியில் சிபி/எம் முறையில்தான் எழுதுகிறது. அது ‘குரூப்’ என்று காட்டும் 0 முதல் 7 வரையிலான பிரிவுகள் சிபி/எம்மின் பயனர் எண்களே. அதில் கோப்பை அழித்தால் உடனே போய்விடாது. ‘லிம்போ’ என்ற இடத்துக்கு நகரும். அது 8 முதல் 15 வரையிலான எண்கள். ஆகவே அப்பா வேண்டாம் என்று தள்ளிய பக்கங்களும் கிடைக்கலாம். அவற்றைப் படிப்பதா என்பதை நீங்களும் வீட்டாரும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கோப்பை நேரடியாகக் கணினியில் திறந்தால் குறியீடுகள் கலந்து தெரியும். லோகோஸ்கிரிப்டிலேயே ஆஸ்கி கோப்பாக (வெறும் எழுத்துகள் மட்டும் உள்ள கோப்பாக) மாற்றும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பெல்ட் மாற்றியவுடன் அப்பாவின் ஃபிளாப்பியைப் போட்டுவிடாதீர்கள். முதலில் காலி ஃபிளாப்பி ஒன்று, பிறகு கணினியோடு வந்த ஃபிளாப்பியின் நகல், இரண்டும் ஒழுங்காக ஓடிய பிறகு அவருடையது. போடும் முன் ஃபிளாப்பி உறையின் எழுத்துத் தடைத் துளையைத் திறந்துவிட மறக்காதீர்கள்.