மலைநாட்டில் உப்புநீர்த் தொட்டி: ரெபியூஜியப் பாசி கேள்வி-பதில்

கொழும்பில் நண்பரின் தொட்டியில் கீட்டோ பந்து பந்தாக வளர்கிறது. அவரிடமே வாங்கிய பாசி, அதே லைட், ஆனால் இங்கே இரண்டு மாதமாக அப்படியே கிடக்கிறது. பெரிய லைட் வாங்கவா? (நுவரெலியா)

லைட்டுக்குக் காசு கொட்ட முன், விடியற்காலை ஐந்து மணிக்கு ரெபியூஜியத்துக்குள் (நீரைச் சுத்தமாக்கும் பாசி வளர்க்கும் தனிப் பெட்டி) வெப்பமானியை இறக்கிப் பாருங்கள். கீட்டோ, அதாவது கீட்டோமோர்ஃபா, நன்றாக வளர்வது 24 முதல் 27 பாகை செல்சியஸில். 20க்குக் கீழே போனால் சாகாது, ஆனால் வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். தை, மாசிக் குளிரில் உங்கள் ஊரில் அறையே 12 பாகைக்கு இறங்கிவிடும். பெரிய தொட்டியில் ஹீற்றர் இருந்தாலும், ஆழமில்லாத, மூடியில்லாத தனிப் பெட்டி சீமெந்துத் தரையில் இருந்தால், அதற்குள் மெல்ல வரும் நீர் வந்த வேகத்திலேயே குளிர்ந்துவிடும்.

ஹீற்றரை சம்புக்கு (பெரிய தொட்டியின் நீர் வந்து திரும்பும் துணைத் தொட்டி) மாற்றுங்கள். அறைக்கும் நீருக்கும் 12, 13 பாகை வித்தியாசம் என்றால் லீற்றருக்கு 2 வொட் கணக்கு வையுங்கள். 100 லீற்றருக்கு 100 வொட்டில் இரண்டு போடுங்கள், 200 வொட்டில் ஒன்று வேண்டாம். அது அணையாமல் சிக்கிக்கொண்டால் மீன்கள் வெந்துவிடும். சிறியதில் ஒன்று சிக்கினால் கவனிக்க நேரமாவது கிடைக்கும். பெட்டிக்கு அடியிலும் மூன்று பக்கமும் ஓர் அங்குல ரெஜிபோம் ஒட்டுங்கள். நீரோட்டம் மணிக்குக் கொள்ளளவின் 5 முதல் 10 மடங்கு இருக்கட்டும்; 20 லீற்றர் பெட்டிக்கு 100 முதல் 200 லீற்றர். பாசிப் பந்து மெல்ல உருள வேண்டும். ஒரே இடத்தில் கிடந்தால் அடிப்பக்கம் வெளிச்சமின்றி அழுகி, அழுக்கையும் பிடித்துக்கொள்ளும்.

குளிர் அறையில் சூடான நீர் வேகமாக ஆவியாகும். குறைந்த அளவை நன்னீரால் மட்டும் நிரப்புங்கள். லைட்டில் ஈரம் படியும் என்பதால் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் இதெல்லாம் செய்ய வேண்டாம்.

நைத்திரேற்று பூச்சியம், பொசுபேற்று லீற்றருக்கு 0.15 மில்லிகிராம். கீட்டோ வெளிறி, தொட்டால் நொறுங்குகிறது. பொசுபேற்றை உறிஞ்சும் மருந்து போடலாமா? (ஹட்டன்)

வேண்டாம், பாசி நைத்திரேற்று இல்லாமல் பட்டினி கிடக்கிறது. அட்கின்சனும் சிமித்தும் 1983இல் கணித்தபடி, கடல்தரைத் தாவரங்களில் ஒரு பொசுபரசு அணுவுக்கு 30 நைதரசன் அணு இருக்கும். நிறையில் பார்த்தால் 0.1 மில்லிகிராம் பொசுபேற்றை இழுக்க ஏறத்தாழ 2 மில்லிகிராம் நைத்திரேற்று வேண்டும். உங்களிடம் இருக்கும் 0.15ஐ இறக்கவே 3 வேண்டும். முதலில் தீர்வது நைத்திரேற்றுதான். அது தீர்ந்தால் பொசுபேற்று அப்படியே நிற்கும்.

ஆய்வுகூடத் தரச் சோடியம் நைத்திரேற்று 14 கிராமை ஒரு லீற்றர் ஆர்.ஓ. நீரில் (நுண்சவ்வு வடியில் சுத்தமாக்கிய நீர்) கரையுங்கள். இதில் 10 மில்லிலீற்றர், 100 லீற்றர் தொட்டியில் நைத்திரேற்றை லீற்றருக்கு 1 மில்லிகிராம் உயர்த்தும். நாளுக்கு அவ்வளவு போதும். லீற்றருக்கு 5 மில்லிகிராம் வந்ததும் நிறுத்தி, வாரம் இருமுறை அளந்து பாருங்கள். அதன் பிறகும் வெளிறினால் இரும்புச்சத்தைச் சந்தேகியுங்கள். போத்தலில் சொன்னதில் பாதி அளவோடு தொடங்கலாம்.

தோட்டத்து யூரியாவை மட்டும் தொடாதீர்கள். தொட்டிக்குள் அது அமோனியாவாக மாறி மீனைக் கொல்லும்.

காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ரெபியூஜிய லைட்டும் தொட்டி லைட்டும் பகலில்தான் எரிகின்றன. (பண்டாரவளை)

இரவில் பாசியும் ஒட்சிசனை எடுக்கிறது. சுமார் 1200 மீற்றர் உயரத்தில், கரையோரத்தை விட 13, 14 சதவீதம் குறைவாகவே ஒட்சிசன் நீரில் கரையும். நுவரெலியாவில் 20 சதவீதம் குறைவு. ரெபியூஜிய லைட்டை டைமரில் இரவு 7 முதல் காலை 8 வரை மாற்றுங்கள். விடியற்காலை பி.எச். (நீரின் அமில-கார அளவு) இறக்கமும் குறையும். பம்ப் வாயை மேற்பரப்பு குலுங்கும்படி திருப்புங்கள். காற்றுமழைக் காலத்தில் கரண்ட் போனால் பாசியும் இருட்டில்தான் இருக்கும், எனவே பற்றரி ஏர் பம்ப் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

பீலித் தண்ணீரில் உப்புக் கலக்கலாமா? சமையல் உப்பு ஆகுமா? (தலவாக்கலை)

பீலி நீர் மென்மையானதுதான். ஆனால் மேலே தேயிலை மலை இருந்தால், உரம் போட்ட பின் பெய்யும் மழையோடு நைத்திரேற்று வரலாம். ஆர்.ஓ. வழியாக எடுப்பதே நல்லது. சமையல் உப்பு ஆகாது; அதில் கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் போதுமான அளவில் இல்லை. கடல் உப்புக் கலவை லீற்றருக்குச் சுமார் 35 கிராம், அடர்த்தி 1.025. நீரை 25 பாகைக்குச் சூடாக்கிய பிறகே ஹைட்ரோமீற்றரை (அடர்த்தி அளக்கும் மிதவை) விடுங்கள். குளிர்ந்த நீரில் அது கூட்டிக் காட்டும், நீங்கள் உப்பைக் குறைத்துவிடுவீர்கள்.

ரெபியூஜியத்தில் வைத்த கோலெர்பாப் பாசி ஓர் இரவில் வெள்ளையாகி, நீர் பால் நிறமாகிவிட்டது. (கண்டி)

இனப்பெருக்கத்துக்குப் போய், உள்ளிருந்த எல்லாவற்றையும் நீரில் விட்டுச் செத்துவிட்டது. எச்சத்தை வலையால் அள்ளி, காற்றோட்டத்தைக் கூட்டி, ஸ்கிம்மரை (அழுக்கை நுரையாக அகற்றும் கருவி) ஓடவிட்டு, வடிகட்டியில் புதுக் கரி போட்டு, கால் பங்கு நீரை மாற்றுங்கள். 24 மணிநேரம் லைட் போட்டால் இது வராது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி, பாசியை அவ்வப்போது அள்ளி எடுப்பதை விட்டுவிடாதீர்கள். எங்களைக் கேட்டால் இனிக் கீட்டோவையே வையுங்கள்.

அள்ளிய பாசியை எங்கே போடுவது? (பதுளை)

ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒரா மீன் இருந்தால் அதற்குக் கொஞ்சம் போடுங்கள். மீதியை நன்னீரில் இரண்டு முறை அலசி, உப்புப் போன பிறகு கீரைப் பாத்தியில் புதைக்கலாம். ஓடையில் கொட்ட வேண்டாம்.