காவிரியில் தண்ணீர் ஓடும் நாட்களில் கல்லணைக்குக் கீழிருந்து திருக்காட்டுப்பள்ளி வரை கயாக்கில் செல்ல முடியுமா? வழியில் என்னென்ன ஆபத்துகள் உள்ளன?

செல்லலாம். ஆனால் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட எதையும் படகில் இருந்தபடியே கடக்கக் கூடாது. கல்லணைக்குச் சற்றுக் கீழே, நீர்வளத்துறையினரிடம் கேட்டு, அவர்கள் அனுமதிக்கும் இடத்தில் இறங்குங்கள். திருக்காட்டுப்பள்ளி அருகே குடமுருட்டி ஆறு பிரியும் இடத்திலுள்ள சட்ரஸுக்கு, அதாவது கதவுகளைத் தூக்கி இறக்கி நீரைத் திறந்துவிடும் அணைக்கு, வெகு முன்பாகவே கரையேறிவிடுங்கள்.

நான் இந்தக் கரையில் வளர்ந்தவன். துடுப்புப் போடக் கற்றது கர்நாடகத்தில், கணேஷ்குடி அருகே காளி ஆற்றில். அங்கே பாறைகளுக்கு நடுவே பாயும் நீர், எவ்வளவு இரைந்தாலும், எங்காவது ஓரிடத்தில் படகுக்கு வழி விட்டுவிடும். நம் டெல்டாவிலோ சரிவு குறைவு, அடியில் வெறும் மணல். ஆகவே இங்கே நுரைத்துப் பாயும் நீரைக் கண்டால், அங்கே பெரும்பாலும் சட்ரஸோ, படுக்கை அணையோ (ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டிய சுவர்), தரைப்பாலமோ இருக்கிறது என்று பொருள். பாறை ஆற்றில் பழகியவர்கள், நான்கு அடி உயரம்கூட இல்லையே என்று இவற்றை எளிதாக எடைபோட்டுவிடுவார்கள் என்பதுதான் என் பெரிய கவலை.

சட்ரஸுக்குக் கீழே நடப்பதைக் கரையில் நின்று பார்த்தாலே போதும். வெள்ளத்தில் வந்த ஒரு வாழைமரம் விழுந்த இடத்திலேயே மூழ்கி, சில அடி தள்ளி மேலே வந்து, மறுபடியும் அணையை நோக்கியே இழுக்கப்பட்டு மூழ்குவதை நான் வெகுநேரம் பார்த்திருக்கிறேன். மட்டைகள் கிழிந்து நார் நாராகத் தொங்கிய பிறகும் அது அந்த இடத்தை விட்டு நகரவில்லை. விழும் நீர் அடித்தரை வரை பாய்வதால், மேற்பரப்பு நீர் அந்த இடத்தை நிரப்பப் பின்னோக்கி ஓடுகிறது. நுரையில் பாதி காற்று என்பதால், உயிர்காப்பு உடை அணிந்தவரையும் அது முழுமையாக மிதக்க விடாது. பாறை ஆற்றின் சுழற்சிக்குப் பக்கவாட்டில் திறப்பு இருக்கும்; இங்கே கரைக்குக் கரை ஒரே நேர்க்கோடு, இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர்.

மேல்புறம் இன்னும் மோசமானது, ஏனென்றால் அங்கே எதுவும் தெரியாது. கதவுகளை அடியிலிருந்து தூக்கித் திறப்பதால், மேலே குளம் போல அமைதியாகத் தெரியும் நீர், கதவருகே கீழ்நோக்கி உறிஞ்சப்படுகிறது. சட்ரஸ் தூரத்தில் கண்ணில் பட்ட உடனே கரையை ஒட்டிவிடுங்கள். படகைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்து தாண்டுவதே ஒரே வழி.

அடுத்த ஆபத்து மூங்கில். அரித்த கரையிலிருந்து சாய்ந்த மூங்கில் புதரும் சீமைக்கருவேலமும் நீரை மட்டும் விட்டு, ஆளைப் பிடித்து நிறுத்திவிடும். பாலத் தூண்களில் குவியும் ஆகாயத்தாமரையும் அப்படியே. ஆற்று வளைவுகளில் வேகமான நீர் உங்களை வெளிக்கரைக்கே தள்ளும். ஆகையால் உட்கரையைப் பிடித்தே செல்லுங்கள். மோதுவது உறுதியாகிவிட்டால், தடையை விட்டு விலகிச் சாயாமல் அதை நோக்கியே சாயுங்கள். விலகிச் சாய்ந்தால் நீர் படகின் விளிம்பில் ஏறிக் கவிழ்த்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் ஓடும்போது போகலாம் என்றும் யோசிக்க வேண்டும். ஆயிரம் கனஅடி என்று செய்தியில் சாதாரணமாகக் கேட்கிறோம். அது விநாடிக்கு ஏறத்தாழ 28 டன் தண்ணீர். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகளை அடித்துக்கொண்டு போனதும் இதே ஆற்று நீர்தான். ஜூனில் வரும் புதுநீர் குப்பையையும் மரக்கிளைகளையும் சுமந்து வரும், அதைத் தவிர்த்துவிடுங்கள். மேட்டூரில் திறப்பதைக் கூட்டினால் அது மூன்று நான்கு நாட்களில் கல்லணையை எட்டும். ஆனால் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறை வைத்து விடும் காலத்தில் இங்கே அளவு ஒரே இரவில் மாறிவிடும். எனவே புறப்படும் காலையில், சட்ரஸ் கதவுகளை இயக்கும் நீர்வளத்துறை ஊழியரான லஸ்கரிடம் கேளுங்கள். "தம்பி, இன்னைக்கு மத்தியானம் கூட்டி விடுறாங்க" என்று அவர் சொன்னால், அன்று படகை இறக்காதீர்கள்.

உயிர்காப்பு உடை, தலைக்கவசம், எறிகயிறு மூன்றும் கட்டாயம். கவிழ்ந்தால் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலாமல், மல்லாந்து கால்களைக் கீழாற்றுப் பக்கம் நீட்டியபடி கரைக்கு நீந்துங்கள். மணல் அள்ளிய குழிகள் இருப்பதால் முழங்கால் ஆழம் அடுத்த அடியிலேயே ஆளை விழுங்கும் ஆழமாகிவிடலாம். சட்ரஸின் கீழே யாராவது சிக்கினால், எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் நீங்கள் குதிக்காதீர்கள். கரையிலிருந்து கயிற்றை எறியுங்கள், உடனே 108-ஐயும் 101-ஐயும் அழைக்கச் சொல்லி, கதவுகளை இறக்கும்படி லஸ்கரிடம் ஒருவரை ஓடச் சொல்லுங்கள்.