ஜாக்குக்கு அடியில் என்ன வைப்பது?

கேள்வி: பழைய மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கிற வீட்டு வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறோம். நிறுத்திய இடத்தில் வண்டியை மட்டமாகத் தாங்கிப் பிடிக்க, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் நான்கு ஹைட்ராலிக் ஜாக் உண்டு. மழை பெய்து ஓய்ந்த புல்தரையில் நிறுத்தினோம். விடிந்து பார்த்தால் பின்பக்க ஜாக் ஒன்று மண்ணுக்குள் இறங்கி, வண்டி சாய்ந்து நிற்கிறது. ஜாக் கோளாறா?
- வாசகர், ஹூஸ்டன்

பதில்: முதலில் தரையைப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் ஜாக்கின் மேல் தப்பில்லை, மண் தாங்கவில்லை. குழியே இல்லாமல் ஜாக் மட்டும் சுருங்கியிருந்தால் எண்ணெய் எங்கோ கசிகிறது. அதை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

ஒரு ஜாக்கின் மேல் 4,000 பவுண்டு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும் அதன் 9 அங்குல வட்டப் பாதத்தின் பரப்பு சுமார் 64 சதுர அங்குலம். ஆக, ஒவ்வொரு சதுர அங்குல மண்ணும் 62 பவுண்டுக்கு மேல் சுமக்க வேண்டும். ஈரப் புல்தரைக்கு அது ரொம்ப அதிகம். அதே பாதத்துக்கு அடியில் 18 அங்குலச் சதுரப் பலகையை வைத்தால் 12 பவுண்டு சொச்சம்தான். ஆனால் பலகை விறைப்பாக இருக்க வேண்டும். மெல்லியது நடுவில் வளைந்துவிடும். பாரம் மறுபடி பாதத்துக்கு நேர் கீழேயே போய்ச் சேரும். முக்கால் அங்குல ப்ளைவுட் இரண்டைப் பசை போட்டு ஒட்டி, திருகாணியும் முடுக்கிவிடுங்கள். நான் வைத்திருப்பது அதுதான். வெட்டுப்பலகை செய்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் விற்கிற பேடுகளும் நல்லவை. உளுத்துப்போகாது, விலைதான் கூடுதல்.

பலகையின் மூலையில் ஓட்டை போட்டு நைலான் கயிறு கட்டிவிடுங்கள். சேற்றில் அமுங்கிய பலகை கையோடு வராது. ஜாக்கை முழுசாகத் தூக்கிய பிறகு கயிற்றைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தால் காற்று உள்ளே போகும், பலகை கிளம்பிவிடும். அதற்காக வண்டிக்கு அடியில் மட்டும் தவழ்ந்து போகாதீர்கள். ஜாக்கை நம்பிக் கீழே படுக்கிற பழக்கம் யாருக்குமே வேண்டாம்.

கேள்வி: கோடையில் தார்த்தரை, அப்புறம் பாட்ரே தீவுக் கடற்கரை மணல். இரண்டுக்கும் அதே பலகை போதுமா?
- வாசகி, சான் அன்டோனியோ

பதில்: தார்த்தரைக்குப் போதும். காலையில் கல்லாக இருக்கிற தார் மதிய வெயிலில் இளகும். வெறும் பாதத்தை வைத்தால் வட்டமாகப் பள்ளம் விழும். இடத்துக்காரர் கோபப்பட்டால் நியாயம்தான்.

மணல் வேறு விஷயம். மேலே உள்ள உலர்ந்த பொல பொல மணலை ஒதுக்கிவிட்டு, ஈரம் தட்டுப்படுகிற இடத்தில் இன்னும் அகலமான பலகையை மட்டமாகப் பதியுங்கள். ஜாக்கை ஆட்டம் அடங்கும் அளவுக்கு மட்டும் இறக்குங்கள், வண்டியைத் தூக்கப் பார்க்க வேண்டாம். அலை ஏறி வருகிற எல்லைக்கு வெகு மேலே நிறுத்துங்கள். தண்ணீர் பலகைக்கு அடியில் புகுந்து மணலை அரித்தால் எந்தப் பலகையும் உதவாது.

கேள்வி: சரிவான இடத்தில் மட்டம் பார்க்கும்போது பின்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. பரவாயில்லையா?
- வாசகர், டென்வர்

பதில்: கூடவே கூடாது. பெரும்பாலான மோட்டார் ஹோம்களில் பார்க்கிங் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தைத்தான். அது அந்தரத்தில் நின்றால் வண்டியைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. சரிவில் உருண்டு ஜாக்கையே வளைத்துவிடும். தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் அகலப் பலகையைப் போட்டு, அதன் மேல் வண்டியை ஏற்றி நிறுத்திய பிறகு ஜாக்கை இறக்குங்கள். பின்னால் ஜோடி டயர் என்றால் இரண்டும் முழுசாகப் பலகை மேல் உட்கார வேண்டும். இப்படிச் செய்தால் ஜாக்கும் அதிகம் நீளாது, உள்ளே நடக்கும்போது ஆட்டமும் குறையும். அப்படியும் மட்டம் வரவில்லையா, வேறு இடம் கேளுங்கள்.

உங்கள் ஊர்க் குளிருக்கு இன்னொன்று: பலகை ராத்திரியில் தரையோடு உறைந்து ஒட்டும். இறக்கும் முன்பே அடியில் கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்துவிடுங்கள்.