மலைக்கடையில் கிராஃப்ட் பீர்: நீலகிரிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கிராஃப்ட் பீர் என்பது சின்ன நிறுவனங்கள் சிறிய அளவில் காய்ச்சும் பீர். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் டாஸ்மாக் கடைகளில் வழக்கமான லாகரை (குளிரில் மெதுவாக நொதிக்க வைக்கும் பீர் வகை) தாண்டி என்ன கிடைக்கும், கிடைப்பதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. கொடைக்கானலிலிருந்தும் ஒரு கேள்வி வந்தது. 21 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பது சட்டப்படி தவறு. இந்தப் பக்கமும் அவர்களுக்கானதல்ல.

குன்னூரிலிருந்து: பெங்களூர்ல கிடைக்கிற மாதிரி கிராஃப்ட் பீர் நம்ம கடைக்கு ஏன் வர்றதில்லீங்கண்ணா? கேட்டா "வராதுங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடறாங்க.

கடைக்காரர் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. அவர் கையில் அதிகாரம் இல்லை. 2003 நவம்பரிலிருந்து மாநிலம் முழுக்க சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம்தான். எந்த பிராண்டை வாங்குவது, என்ன விலை என்பதெல்லாம் தலைமையகத்தில் முடிவாகும். கடை மேற்பார்வையாளர் டிப்போவில் (டாஸ்மாக் கிடங்கில்) இருப்பு உள்ள சரக்குக்கு மட்டும்தான் இண்டென்ட் (சரக்குக் கோரிக்கை) போட முடியும்.

இன்னொரு விஷயம். பெங்களூரு மைக்ரோபிரூவரியில் நீங்கள் குடித்தது பாட்டில் பீரே அல்ல. அந்தக் கட்டடத்திலேயே காய்ச்சி, நொதிக்க வைத்து, தொட்டியிலிருந்து நேராகக் கிளாஸில் பிடித்துக் கொடுப்பது. பெரும்பாலும் பாஸ்சரைஸ் (சூடாக்கிக் கிருமி நீக்குவது) செய்யாதது. குளிர்ச்சி விட்டால் சில நாளில் கெட ஆரம்பிக்கும். அது எந்தச் சில்லறைக் கடைக்கும் வராது.

பாட்டிலில் அடைத்து வரும் கிராஃப்ட் வகைகளுக்குத் தடை வேறு மாதிரி. சின்ன நிறுவனம் ஒவ்வொரு மாநிலத்திலும் லேபிளைப் பதிவு செய்ய வேண்டும். வெளிமாநிலத்தில் காய்ச்சியது என்றால் அதற்கான வரியும் சேரும். அதையெல்லாம் தாண்டி டிப்போவுக்கு வந்தாலும், மலைக்கடையில் குளிருக்கு பிராந்தியும் ரம்மும்தான் ஓடும். கடையில் இருக்கும் ஃப்ரிட்ஜ் ஒன்றோ இரண்டோ. வாரத்துக்கு நாலு பாட்டில் போகும் பீருக்கு அதில் இடம் கிடைப்பது கஷ்டம்.

கோத்தகிரியிலிருந்து: அப்போ கிடைக்கறதுல எது பக்கத்துல வரும்?

பிராண்டைத் தேடாதீர்கள், வகையைத் தேடுங்கள். கிங்ஃபிஷர், டூபோர்க், கார்ல்ஸ்பெர்க், பட்வைசர், ஹைனெகன், கரோனா எல்லாமே வெளிர் லாகர் குடும்பம்தான். பட்வைசரில் அரிசி சேரும், மற்றதில் வேறு சில மாற்றம் இருக்கும். ஆனால் இரண்டு மடங்கு காசு கொடுத்தாலும் நீங்கள் தேடும் வேறு சுவை அங்கே வராது.

லேபிளில் "விட்", "வீட்", "வைசன்" என்று இருந்தால் அது கோதுமை பீர். ஹோகார்டன் வந்தால் எடுங்கள்: பெல்ஜிய வகை, 4.9 சதவீத ஆல்கஹால், கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்துக் காய்ச்சுவது. அதைத் தயாரிப்பது ஏபி இன்பெவ் என்ற பெரிய நிறுவனம், அதனால் கிராஃப்ட் என்று சொல்ல முடியாது. சுவையில் அந்தத் திசையில் இருக்கிறது என்பதே முக்கியம். இந்த மாதிரிச் சரக்குக்கு ஏப்ரல், மே சீசனில் சுற்றுலாக் கூட்டம் அதிகமுள்ள கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஜூலை மழையில் அலைவது வீண்.

அரவங்காட்டிலிருந்து: பாட்டிலைப் பார்த்தே ஃப்ரெஷ்ஷா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியுங்களா?

முடியும். மலைக்கடையில் மற்ற எதையும் விட இதுதான் முக்கியம். மெதுவாக ஓடும் சரக்கு அலமாரியிலேயே வயசாகிவிடும்.

முதலில் தேதி. லேபிளிலோ கழுத்திலோ டின்னின் அடியிலோ தயாரித்த தேதி அச்சாகியிருக்கும். லாகர் என்றால் மூன்று மாதத்துக்குள் இருப்பதை எடுங்கள். ஆறு மாதம் தாண்டியதை விட்டுவிடுங்கள். ஐபிஏ (ஹாப்ஸ் அதிகம் சேர்த்த கசப்பான பீர்) கிடைத்தால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். அதன் உயிரே ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனை, இரண்டு மாதத்தில் அது மங்கிவிடும், கசப்பு மட்டும் மிஞ்சும். ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் கொஞ்சம் தாங்கும், வறுத்த பார்லியின் சுவை பழசைக் கொஞ்சம் மறைக்கும்.

அடுத்தது கண்ணாடி நிறம். பழுப்பு பாட்டில் வெளிச்சத்தைத் தடுக்கும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள கசப்புப் பொருள் உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு நாற்றம் வரும். அதை எதுவும் செய்து போக்க முடியாது. டியூப் லைட் பக்கத்திலும் ஜன்னலோரத்திலும் நிற்கும் பச்சை பாட்டிலைக் கேட்காதீர்கள். பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். டின் கிடைத்தால் டின்னே நல்லது.

மூடியின் ஓரத்தில் துரு இருந்தால் ஈரத்தில் நெடுநாள் கிடந்தது என்று அர்த்தம். ஒரே வரிசையில் மற்ற பாட்டில்களை விட மட்டம் குறைந்திருந்தால் மூடி கசிகிறது. இரண்டையும் தொடாதீர்கள்.

திறந்த பிறகு: நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் ஆக்சிஜன் பட்டு வயசானது. வெண்ணெய் வாசனை வந்தால் நொதித்தல் சரியாக முடியவில்லை. புளிப்பு வந்தால் பாக்டீரியா. கோதுமை பீரில் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது ஈஸ்ட்; முக்கால் பங்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தைச் சுழற்றி அதையும் சேர்த்து ஊற்ற வேண்டும். லாகர் குளிரில் கலங்கி, சூடு ஏறினால் தெளிந்தால் அது புரதத்தால் வரும் கலங்கல், கெடுதல் இல்லை.

கூடலூரிலிருந்து: கக்கநல்லா தாண்டினா கர்நாடகாவுல வெரைட்டி இருக்கு. ரெண்டு பாட்டில் எடுத்துட்டு வந்தா என்னங்க?

வேண்டாம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளிமாநில மதுவைக் கொண்டுவந்தால் பறிமுதல், வழக்கு, வண்டியும் மாட்டும். லேபிளிலேயே எந்த மாநிலத்தில் விற்பனைக்கு என்று அச்சடித்திருக்கும், மறைக்க வழியில்லை. நாடுகாணி வழியாகக் கேரளாவிலிருந்து கொண்டுவந்தாலும், புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்தாலும் இதே கதைதான்.

ஊட்டியிலிருந்து: சரி, கோவை எலைட் கடையில வாங்கிட்டு மேல ஏத்தலாமா?

தாராளமாக. எலைட் கடையும் டாஸ்மாக்கின் உயர்ரகச் சரக்குக் கடைதான். மாநிலத்துக்குள் வாங்கியது, பில் இருக்கிறது என்றால் சிக்கலில்லை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய பீரின் அளவு 7.8 லிட்டர், அதாவது 650 மில்லி பாட்டில் 12. பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

கோவையில் மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு, கிளம்பும்போது கடைசியாக வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் கிடந்தால் பீர் சீக்கிரம் வயசாகிவிடும். சூடு ஏற ஏற ஆக்சிஜன் வேலை வேகமாகும். மீன் வாங்கப் பயன்படும் தெர்மாகோல் பெட்டி போதும். அடியில் ஐஸ், மேலே செய்தித்தாள், பாட்டில்களை நிமிர்த்தி வைத்து நடுவில் பழைய துணி. படுக்க வைத்தால் வளைவுகளில் உருண்டு, அடியில் இருந்த ஈஸ்ட் முழுக்கக் கலங்கிவிடும்.

மேலே வந்ததும் உடனே திறக்காதீர்கள். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மூடியைத் திறந்ததும் கரைந்திருக்கும் வாயு சமவெளியை விட வேகமாக வெளியேறும். பாட்டில் குலுங்கியும் சூடாகவும் இருந்தால் பாதி தரையில் போகும். நிமிர்த்தி, குளிரில் ஒரு நாள் வைத்துத் திறங்கள். கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றுங்கள்.

ஊட்டியிலிருந்து இன்னொருவர்: எங்களுக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லையே, வராண்டாவுல வச்சா போதாதா?

பெரும்பாலான மாதங்களில் போதும், ஆனால் வெளிச்சம் படாத இடமாக இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் வேண்டாம். 5 சதவீத பீர் சுமார் மைனஸ் 2 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். தலைக்குந்தா மாதிரி பள்ளமான இடங்களில் விடியற்காலையில் அந்தக் குளிர் வரும். உறைந்தால் மூடி கிளம்பும், இல்லை கண்ணாடி விரியும். ஃப்ரீசரில் வைத்து மறந்தாலும் இதே கதி.

கடையில் "கூலிங் இருக்கா" என்று கேட்டு வாங்குவது லாகருக்குச் சரி. கோதுமை பீரை 5 முதல் 7 டிகிரியிலும், ஐபிஏவை 7 முதல் 10 வரையிலும், ஸ்டவுட்டை 10 முதல் 13 வரையிலும் குடித்தால்தான் வாசனை தெரியும். மலையில் ஸ்டவுட்டுக்கு அறையின் மூலையே போதும்.

குன்னூரிலிருந்து: ஸ்ட்ராங் பீர்னாலும் பீர்தானே?

இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளில் 5 சதவீதம் வரை சாதாரண பீர், 5-க்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். கணக்கு பாருங்கள்: 650 மில்லி, 8 சதவீதம் என்றால் 52 மில்லி சுத்த ஆல்கஹால். 42.8 சதவீத விஸ்கி 120 மில்லியில் 51 மில்லி. அதாவது ஒரு ஸ்ட்ராங் பாட்டில் இரண்டு லார்ஜுக்குச் சமம். அதைக் குடித்துவிட்டு பர்லியாறு வளைவில் வண்டி ஓட்டுவது உங்களுக்கும் எதிரில் வருபவருக்கும் ஆபத்து. சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்; முதல் தடவைக்கே ₹10,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குடித்தால் உடம்பு சூடாகும் என்பதும் தவறு. தோலுக்கு ரத்தம் அதிகமாக வருவதால் சூடு போல் தெரியும், உள் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும்.

கொடைக்கானலிலிருந்து: பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கறாங்களே, திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் இந்தத் திட்டம் சென்னை உயர்நீதிமன்ற வழக்கிலிருந்து வந்தது. 2022 மே மாதம் முதலில் நீலகிரியில் ஆரம்பித்தார்கள், பிறகு கொடைக்கானலுக்கும் வந்தது. காட்டில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது. காரணம் அதுதான், நியாயமானதும்கூட. ஸ்டிக்கர் பாட்டிலிலேயே இருக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கி வைத்தால் உரிந்துவிடும், அதனால் ஃப்ரிட்ஜில் குளிர வையுங்கள். வாங்கிய கடையிலேயே கொடுப்பது எளிது. வண்டியிலிருந்து காட்டுக்குள் வீசாதீர்கள்.

அரவங்காட்டிலிருந்து: ஒரு காலத்துல இங்கயே பீர் காய்ச்சினாங்களாமே, உண்மையா?

உண்மை. 1857-ல் தொடங்கிய காசில் புரூவரி நீலகிரியைச் சேர்ந்தது. 1915-ல் தாமஸ் லீஷ்மன் அதோடு சேர்த்து ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸை உருவாக்கினார். கிங்ஃபிஷர் அந்த நிறுவனத்தின் பிராண்ட். பீருக்கு ஏற்ற குளிர் நம் மலையில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கோத்தகிரியிலிருந்து: மால்ட், ஈஸ்ட் ஆன்லைன்ல வாங்கி வீட்டுல காய்ச்சலாமா?

உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டு உபயோகத்துக்கு என்றாலும். வேண்டாம்.

கூடலூரிலிருந்து: கடை எந்த நாள் எல்லாம் இருக்காதுங்க?

குடியரசு தினம், திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு தினம், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு முடியும் வரை 48 மணி நேரம். மற்ற நாள் பகல் 12 முதல் இரவு 10 வரை.

குன்னூரிலிருந்து: நாங்க கேட்டா வரவழைப்பாங்களா? யார்கிட்ட கேக்கணும்?

கடையில் வாய்மொழியாகக் கேட்டால் அங்கேயே முடிந்துவிடும். மாவட்ட மேலாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். நீலகிரி கோவை மண்டலத்தில் வருகிறது, கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தோடு மதுரை மண்டலத்தில். "நல்ல பீர் வேண்டும்" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஏற்கெனவே டாஸ்மாக் விலைப்பட்டியலில் இருக்கும் பிராண்டாகப் பார்த்து, பெயர், அளவு, எந்தக் கடைக்கு, மாதத்துக்கு எத்தனை பெட்டி போகும் என்று குறிப்பிடுங்கள். பத்து பேர் கையெழுத்திட்டால் நல்லது. வந்த பிறகு வாங்கவும் வேண்டும். முதல் பெட்டி தேங்கினால் இரண்டாவது இண்டென்ட் வராது.

கோத்தகிரியிலிருந்து: ஹோம்ஸ்டே வச்சிருக்கேன். விருந்தாளிங்களுக்கு வாங்கி வச்சுக் கொடுக்கலாமா?

விற்கக் கூடாது, அறை வாடகையில் சேர்த்துக் கொடுப்பதும் விற்பனைதான். நட்சத்திர ஹோட்டலுக்கு எஃப்.எல்.3, மன்றங்களுக்கு எஃப்.எல்.2 என்று தனி உரிமம் உண்டு. ஹோம்ஸ்டே அதில் வராது. விருந்தாளி தானே பில்லோடு வாங்கி வரட்டும். நீங்கள் நல்ல கிளாஸும் குளிர்ந்த இடமும் கொடுங்கள், காலி பாட்டில்களை ஸ்டிக்கரோடு ஒரு பெட்டியில் சேர்த்து அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.